எழுவாயா, செயப்படுபொருளா? பழைய சாகச விளையாட்டுகளில் பெண் பாத்திரங்களை வாசிக்கும் முறை

ஹட்டனுக்கு அண்மையில் உள்ள ஒரு வாசிகசாலையின் பின்னறையில், உயர்தரத்தில் ஊடகக் கற்கை பயிலும் பிள்ளைகள் சிலரைச் சனிக்கிழமைகளில் கூட்டி, பழைய கணினி விளையாட்டுகளை ஆடிப் பார்த்து அவற்றைப் பற்றி எழுதும் பயிற்சி ஒன்றைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். முதல் தடவை நான் கேட்ட கேள்வி, "இந்த விளையாட்டில் பெண்கள் எவ்வாறு சித்திரிக்கப்படுகிறார்கள்?" என்பதுதான். பதினொரு கட்டுரைகள் வந்தன. பதினொன்றும் உடையில் தொடங்கின. பெரும்பாலானவை "பெண் பலவீனமானவளாகக் காட்டப்படுகிறாள்" என்று முடிந்தன. விளையாட்டைத் திறந்தே பார்க்காத ஒருவர்கூட அவற்றை எழுதியிருக்கலாம். பிழை பிள்ளைகளுடையதன்று, என் கேள்வியுடையது. அதன் பிறகு கேள்வியையும் மாற்றினேன், முறையையும் மாற்றினேன். அந்த முறையை, ஆசிரியர்களும் தாமாகவே முயன்று பார்க்க விரும்புகிறவர்களும் பின்பற்றக்கூடியவாறு இங்கே எழுதுகிறேன்.

சாகச விளையாட்டு என்று இங்கே குறிப்பிடுவது, ஏறத்தாழ 1980 முதல் 2002 வரை வெளிவந்த, சுடுவதையும் பாய்வதையும் நம்பியிராமல், நடந்து திரிந்து, பொருள்களை எடுத்து, ஆட்களுடன் பேசி, புதிர்களை அவிழ்த்துக் கதையை நகர்த்தும் வகையையே. 1996இல் வந்த டூம் ரெய்டரின் லாரா குரொஃப்டைப் பற்றி யாராவது கட்டாயம் கேட்பார்கள். அது வேறு வகை, அதற்கு வேறு அளவுகோல் வேண்டும் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். சாகச விளையாட்டுக்கே உரிய ஒரு வசதி, அதன் இலக்கணம் வெளிப்படையாக இருப்பதாகும். 1993இல் வந்த ‘டே ஒஃப் த டென்டக்கிள்’ விளையாட்டில், திரையின் அடிப்பகுதியில் ஒன்பது வினைச்சொற்கள் எழுதியே இருக்கும்: கொடு, எடு, பயன்படுத்து, திற, மூடு, பார், பேசு, தள்ளு, இழு. அவற்றுக்குப் பக்கத்தில் கையிலுள்ள பொருள்களின் படங்கள் இருக்கும். ஒரு கதையில் யார் எதைச் செய்யலாம் என்பது இவ்வளவு அப்பட்டமாக எழுதி வைக்கப்படுவது அபூர்வம். ஆகவே, ஒரு பெண் பாத்திரம் எப்படித் தோன்றுகிறாள் என்று கேட்பதற்கு முன், அவளுக்கு எந்த வினை கொடுக்கப்பட்டிருக்கிறது, அவள் மீது எந்த வினை ஏவப்படுகிறது என்று கேட்க வேண்டும். ஆறாம் வகுப்பில் படித்த எழுவாயும் செயப்படுபொருளுமே இதற்குப் போதுமான கருவிகள்.

தொடங்குவதற்கு முன்

புதிய கணினி தேவையில்லை. 2001இல் தொடங்கப்பட்ட ஸ்கம்விஎம் என்னும் இலவச மென்பொருள், பழைய சாகச விளையாட்டுகளை இன்றைய கணினியிலும் ஆண்ட்ரொய்ட் தொலைபேசியிலும் இயக்கித் தரும். மின்வெட்டு வரும் நாட்களில் நாங்கள் தொலைபேசியிலேயே ஆடியிருக்கிறோம். திரை சிறிது, ஆயினும் எழுத்துகளை வாசிக்க முடிகிறது. விளையாட்டுகளில் பலவற்றை விலை கொடுத்து வாங்க வேண்டும். எனினும் ‘பினீத் அ ஸ்டீல் ஸ்கை’ (1994), ‘ஃபிளைட் ஒஃப் த அமேசன் குயீன்’ (1995) ஆகிய இரண்டும் உரிமையாளர்களாலேயே இலவசமாக விடப்பட்டவை. ஸ்கம்விஎம்மின் தளத்திலேயே கிடைக்கின்றன. பணச் செலவின்றித் தொடங்க விரும்புகிறவர்களுக்கு இரண்டாவதைப் பரிந்துரைக்கிறேன். விமானி ஒருவனும் அவன் ஏற்றிச் செல்லும் திரைப்பட நடிகையும் அமேசன் காட்டில் விழுந்து, காட்டுப் பெண்களை டைனோசர்களாக மாற்ற முயலும் ஒரு விஞ்ஞானியை எதிர்கொள்ளும் அந்தக் கேலிக் கதையில், இந்த முறை தேடும் எல்லா வழக்கங்களும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த வகையின் வரலாற்றில், பாலியல் நகைச்சுவையை நம்பிய ‘லெஷர் சூட் லாரி’ (1987) தொடரையும், கதாநாயகி மீதான பாலியல் வன்முறைக் காட்சியால் அவுஸ்திரேலியாவில் வகைப்படுத்தல் மறுக்கப்பட்ட ‘ஃபன்டாஸ்மகோரியா’ (1995) விளையாட்டையும் தவிர்த்துப் பேச முடியாது. ஆனால் அவை வகுப்பறைக்கு உரியவையல்ல. நீங்கள் அறிந்து வைத்திருங்கள், பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.

கொப்பியில் நான்கு பத்திகள்

ஓர் அப்பியாசக் கொப்பியின் இரட்டைப் பக்கத்தில் நான்கு பத்திகள் வருமாறு கோடு போடுங்கள். முதலாவதில், பாத்திரத்தின் மீது ‘பார்’ என்னும் கட்டளையை ஏவும்போது வரும் வருணனை. இரண்டாவதில், அப்பாத்திரம் தானே செய்யும் வினைகள். மூன்றாவதில், அவள் கையிலுள்ள பொருள்கள். நான்காவதில், அவள் செய்ததாகக் கதை சொல்கிற, ஆனால் ஆடுபவர் காணாத செயல்கள். பெண்களுக்கு மட்டுமன்றி அதே காட்சியிலுள்ள ஆண்களுக்கும் இதை எழுத வேண்டும். ஒப்பிட ஒன்றில்லாமல் எழுதிய குறிப்பு வெறும் முறைப்பாடாகவே மிஞ்சும்.

முதல் பத்தி இலகுவானது. ஆணின் வருணனையில் முதலில் வருவது அவனுடைய தொழிலா, தோற்றமா? பெண்ணின் வருணனையில் எது முதலில் வருகிறது? இதை எண்ணி முடிக்க அரை மணித்தியாலம் போதும். பிள்ளைகள் இதிலேயே தங்கிவிட விரும்புவார்கள், தங்க விடாதீர்கள்.

இரண்டாவது பத்தியில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும். ரொபேர்ட்டா வில்லியம்ஸ் வடிவமைத்த ‘கிங்ஸ் குவெஸ்ட்’ தொடரை இதற்கு எடுத்துக்கொள்வது நன்று, ஏனெனில் ஒரே வடிவமைப்பாளர், ஒரே அரச குடும்பம், சில ஆண்டு இடைவெளியில் வெவ்வேறு விடைகள். 1985இல் வந்த இரண்டாம் பாகத்தில், மன்னர் கிரஹாம் தமக்கு மனைவி தேடிச் செல்கிறார். வலனிஸ் என்னும் பெண் கோபுரத்தில் அடைபட்டிருக்கிறாள், அவளை மீட்பதே விளையாட்டின் முடிவு. அவளுடைய வரிசையில் நாங்கள் எழுத முடிந்த வினை ஒன்றே: காத்திரு. 1988இல் வந்த நான்காம் பாகத்தின் தொடக்கத்தில், அதே கிரஹாம் தம் சாகசத் தொப்பியைத் தம் இரட்டைப் பிள்ளைகளை நோக்கி வீசும் கணத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறார். அவரைக் காப்பாற்றும் கனியைத் தேடிப் போவது மகன் அலெக்சாண்டர் அல்லன், மகள் ரொசெல்லா.

ரொசெல்லாவின் வழியில் ஏழு குள்ளர்களின் வீடு ஒன்று வருகிறது. உள்ளே எல்லாம் அலங்கோலமாகக் கிடக்கிறது. வீட்டைச் சுத்தம் செய்யும்படி தட்டச்சு செய்தால், அவள் பெருக்கி ஒதுக்கி முடிக்கிறாள். குள்ளர்கள் வேலையிலிருந்து திரும்பி வந்து, வியந்து, அவளைச் சாப்பிட இருத்துகிறார்கள். அவர்கள் மேசையில் விட்டுச் சென்ற வைரப் பையைச் சுரங்கத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தால், அதை அவளுக்கே தந்து, ஒரு விளக்கையும் சேர்த்துத் தருகிறார்கள். அந்த விளக்கு இருந்தால்தான் பின்னால் வரும் இருட்டுக் குகையைக் கடக்கலாம். இந்த இடத்தில் எங்கள் அறையில் ஒரு சண்டையே நடந்தது. "வீட்டிலும் இதே வேலை, விளையாட்டிலுமா, டீச்சர்?" என்று ஒரு பிள்ளை தட்டச்சுப் பலகையை அப்பால் தள்ளினாள். "இங்கே கூலியாவது கொடுக்கிறார்களே" என்றாள் மற்றவள். இருவரையும் கொப்பிக்குத் திருப்பினேன். ஏனென்றால் அதே ரொசெல்லாவின் பத்தியில் கல்லறையைத் தோண்டு, திமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து தப்பு, சூனியக்காரி லொலொட்டை மீது அம்பு எய் என்பனவும் இருக்கின்றன. கடைசியில் எட்கர் என்பவன் திருமணம் கேட்கும்போது மறுத்துவிட்டு வீடு திரும்புவதும் இருக்கிறது. சுத்தம் செய்வதென்னும் ஒரு வினையை வைத்து இந்த விளையாட்டைத் தள்ளுவதும் பிழை. அம்பை வைத்து அந்த வினையை மறப்பதும் பிழை. ஆண் நாயகன் ஒருவன் அந்த வீட்டுக்குள் வந்திருந்தால் இதே புதிர் வைக்கப்பட்டிருக்குமா என்பதே எழுத வேண்டிய கேள்வி.

1989இல் அதே வடிவமைப்பாளர் உருவாக்கிய ‘த கேர்னல்ஸ் பெக்வெஸ்ட்’ விளையாட்டின் லோரா போ, இன்னொரு வகையான வினைத் தொகுதிக்கு நல்ல சான்று. 1925ஆம் ஆண்டு, லூசியானாவின் ஒரு பழைய மாளிகை, மாணவியான லோரா. அவள் அடிப்பதில்லை, எய்வதில்லை; மறைவழிகளில் நின்று, சுவரிலுள்ள உருவப்படத்தின் கண்களூடாகப் பார்க்கிறாள், ஒட்டுக்கேட்கிறாள், ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் விசாரிக்கிறாள். மற்ற விளையாட்டுகளில் பார்க்கப்படும் பொருளாக நிற்கும் பெண், இங்கே பார்க்கிறவள்.

காணாத இடத்தில் நடந்தவை

நான்காவது பத்தியைப் பிள்ளைகள் முதலில் வெறுமையாகவே விடுவார்கள். அதை நிரப்பப் பழக்குவதற்கு, 1990இல் வந்த ‘த சீக்ரெட் ஒஃப் மங்கி ஐலண்ட்’ விளையாட்டின் தேவாலயக் காட்சியைப் போன்ற வேறொன்றை நான் கண்டதில்லை. ஆளுநர் எலெய்ன் மார்லியை லெசக் என்னும் பேய்க் கொள்ளையன் கடத்திக்கொண்டு போகிறான். கைபிரஷ் என்னும் இளைஞன் கடல் கடந்து, ஒரு முழு விளையாட்டையும் ஆடி முடித்து, திருமணத்தை நிறுத்த ஓடி வருகிறான். வந்து பார்த்தால், மணப்பெண்ணின் ஆடைக்குள் நிற்பவை இரண்டு குரங்குகள். எலெய்ன் தானே தப்பி, தானே திட்டமிட்டு, எல்லாவற்றையும் ஒழுங்கு செய்திருக்கிறாள். அவன் வந்துதான் அதைக் கெடுக்கிறான். பெண்ணை மீட்கும் கதைகளை நையாண்டி செய்யும் காட்சி அது, இன்றும் சிரிப்பு வரும். ஆனால் கொப்பியைப் பாருங்கள். அவள் எப்படித் தப்பினாள், குரங்குகளை எங்கே பிடித்தாள், ஆடையை எப்படி மாற்றினாள் என்பவை அனைத்தும் நான்காவது பத்தியிலேயே விழுகின்றன. திறமை அவளுடையது; வினைச்சொற்கள் அவனுடையவை. தொடரின் மூன்றாம் பாகத்தில் (1997) சாபமிட்ட மோதிரத்தால் அவள் பொற்சிலையாகவே மாறுகிறாள். செயப்படுபொருள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இலக்கண நூலிலும் இராது.

எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பத்தி பிடிபட்டது விளையாட்டிலிருந்து அல்ல, மலையிலிருந்து. கொழுந்தைப் பறிக்கிறவள் பெண், நிறுத்துக் கணக்கில் எழுதுகிறவர் பெரும்பாலும் ஆண். அன்றைய நாளின் கணக்கில் தெரிவது எடை மட்டுமே, எந்தச் சரிவில் எப்படி நின்று பறித்தாள் என்பது எங்கும் எழுதப்படுவதில்லை. இதை ஒரு மாணவன் சொன்ன பிறகு, நான்காவது பத்தி ஒருவருக்கும் வெறுமையாக இருக்கவில்லை.

இரண்டாவது சான்றாக, ஜேன் ஜென்சனின் ‘கேப்ரியல் நைட்’ தொடரில் முதலிரண்டு பாகங்களையும் அடுத்தடுத்து ஆடிப் பாருங்கள். முதலாவதில் (1993) நியூ ஒர்லியன்சில் கேப்ரியலின் புத்தகக் கடையில் வேலை செய்யும் கிரேஸ் நாகிமுரா, அவன் கேட்கும் தகவல்களைத் தேடித் தருகிறாள். தேடல் நம் கண்ணுக்குப் படாது, விடை மட்டும் கைக்கு வரும். இரண்டாவதில் (1995) அத்தியாயங்கள் மாறி மாறி வருகின்றன. கேப்ரியலின் பகுதி முடிய, கிரேஸாகவே நாம் ஜேர்மனியில் பவேரிய மன்னன் இரண்டாம் லுட்விக்கின் வரலாற்றைத் தோண்டத் தொடங்குகிறோம். அவள் செய்வது அதே தேடல்தான்; முன்னர் நான்காவது பத்தியில் கிடந்தது இரண்டாவது பத்திக்கு வந்துவிட்டது. பெண் பாத்திரம் ‘மேம்பட்டிருக்கிறது’ என்று சொல்வதற்குப் பதிலாக, எந்தப் பத்தியிலிருந்து எந்தப் பத்திக்கு எது நகர்ந்தது என்று எழுதுங்கள். மதிப்பெண் இடும் ஆசிரியரும் மறுக்க முடியாது.

அவளா, அவரா

இந்த விளையாட்டுகள் ஆங்கிலத்தில் இருப்பதை நான் தொடக்கத்தில் ஒரு குறையாக நினைத்தேன். ஒருவர் ஆடும்போது இன்னொருவர் உரையாடலைத் தமிழில் எழுத வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். பயிற்சியின் மிகப் பயனுள்ள பகுதி அதுவாகவே ஆயிற்று, ஏனெனில் ஆங்கிலப் படர்க்கையில் மறைந்து நிற்பதைத் தமிழ் வினைமுற்று மறைக்க விடாது.

மங்கி ஐலண்டின் முதல் பகுதியை மூன்று பிள்ளைகள் தனித்தனியே மொழிபெயர்த்தார்கள். மூவரும் ஷெரிப் என்னும் காவல் அதிகாரியை ‘வந்தார்’ என்று எழுதினார்கள். மூவரும் ஆளுநரை ‘வந்தாள்’ என்று எழுதினார்கள். தீவின் தலைவர் ஆளுநர். பதவியில் ஷெரிப் அவருக்குக் கீழ்ப்பட்டவர். விளையாட்டு அவளுக்குக் கொடுத்த பதவியை எங்கள் மொழிபெயர்ப்பு ஒரே எழுத்தில் பறித்துக்கொண்டது. (நானும் மேலே அவளை ‘அவள்’ என்றே எழுதியிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள்.) எங்கள் பேச்சு வழக்கில் "அம்மா வந்துச்சு" என்பதும் உண்டு, அதில் அன்பு இருக்கிறது, ஆனால் கணக்கப்பிள்ளையை யாரும் "வந்துச்சு" என்பதில்லை. இவற்றில் எது சரி என்று தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. ஒரே காட்சியை இருவரைக் கொண்டு தனித்தனியே மொழிபெயர்க்கச் செய்து, கொப்பிகளை மாற்றி, ஒவ்வொரு வினைமுற்றுக்கும் ‘ஏன் இந்த விகுதி?’ என்று கேட்கச் செய்யுங்கள். வயதா, பதவியா, வில்லத்தனமா, பாலா? பிள்ளைகள் தாங்களே காரணத்தைக் கண்டுபிடித்து, தாங்களே அதிர்வார்கள்.

தட்டச்சு செய்து ஆடும் எழுத்துவழி விளையாட்டுகளில் நிலைமை வேறு. அவற்றில் ஆடுபவரை விளையாட்டு முன்னிலையில் அழைக்கும். ‘நீ வந்தாய்’ என்பதில் ஆண் பெண் இல்லை. 1987இல் எமி பிரிக்ஸ் எழுதி இன்ஃபோகொம் வெளியிட்ட ‘பிளண்டர்ட் ஹார்ட்ஸ்’ விளையாட்டில், அந்த ‘நீ’ ஒரு பெண் என்பது கதையால் தீர்மானிக்கப்பட்டது. முன்னிலை எந்த வரியில் பெண்ணாகிறது என்று தேடிக் கோடிடுவது நல்ல வீட்டு வேலை.

தவிர்க்க வேண்டிய இரண்டு குறுக்கு வழிகள்

அலிசன் பெக்டெல் 1985இல் தம் சித்திரத் தொடரில் சொன்ன சோதனையைப் பலர் இங்கும் பிரயோகிக்கிறார்கள்: இரு பெண்கள், ஓர் ஆணைத் தவிர வேறெதையாவது பற்றித் தமக்குள் பேசுகிறார்களா? திரைப்படத்துக்கு அது பொருந்தும். சாகச விளையாட்டில் ஏறக்குறைய எல்லா உரையாடலும் ஆடும் பாத்திரத்துக்கும் மற்றொருவருக்கும் இடையே நடப்பது. ஆடும் பாத்திரம் ஆணாக இருந்தால் சோதனை தோற்பது விளையாட்டின் கட்டமைப்பால்தான். ஆகவே தோல்வியை மட்டும் குறித்துவிட்டு முடிவு எழுத வேண்டாம்.

மற்றொன்று, படைத்தவர் பெண் என்றால் பாத்திரமும் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை. கோபுரத்தில் காத்திருந்த வலனிஸையும் அம்பெய்த ரொசெல்லாவையும் படைத்தவர் ஒருவரே. 1994இல் தொடரின் ஏழாம் பாகத்தில் தாயும் மகளுமாக அந்த இருவரையும் ஆடும் பாத்திரங்களாக்கியதும் அவரே. "அக்காலத்துக் கணினியின் நினைவகம் போதாது, ஒரு நாயகனுக்குத்தான் இடமிருந்தது" என்ற சமாதானமும் நிற்காது. 1988இல் வந்த ‘சாக் மெக்கிராக்கன்’ விளையாட்டில், கொமடோர் 64 போன்ற சிறு கணினியிலேயே, ஆடக்கூடிய நால்வரில் மூவர் பெண்கள், அவர்களில் இருவர் செவ்வாய்க் கிரகத்துக்கே போகிறார்கள்.

இறுதிப் பயிற்சி

நான்கு பத்திகளும் பழகிய பின் ‘சைபீரியா’ (2002) விளையாட்டுக்குப் போகலாம். நியூயோர்க்கின் சட்டத்தரணி கேட் வோக்கர், பொம்மைத் தொழிற்சாலை ஒன்றின் விற்பனையை முடிக்க ஆல்ப்ஸ் மலைக் கிராமம் ஒன்றுக்கு வருகிறாள். அவள் வந்து சேரும் நேரம், தொழிற்சாலையின் உரிமையாளரான மூதாட்டியின் மரண ஊர்வலம் மழையில் போகிறது. மலைக் கிராமம், மழை, மூடிக் கிடக்கும் தொழிற்சாலை என்பவற்றால் எங்கள் பிள்ளைகள் இந்த விளையாட்டில் விரைவாகக் குடியேறிவிடுகிறார்கள். கதை முழுவதும் அவளுடைய கையடக்கத் தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருக்கும்: மணம் முடிக்கவிருப்பவன், மேலதிகாரி, தாய், தோழி. இந்த அழைப்புகளுக்காகக் கொப்பியில் ஐந்தாவது பத்தி ஒன்று போடுங்கள். அழைத்தவர் யார், எதைக் கேட்டார், அவள் இருக்கும் இடத்தைப் பற்றி விசாரித்தாரா? தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குச் சென்றிருக்கும் ஒரு பிள்ளை, இந்தப் பத்தியை நிரப்பிக்கொண்டிருந்தவள், பேனையை வைத்துவிட்டு, "நாங்களும் அம்மாவிடம் காசு வந்ததா என்றுதான் முதலில் கேட்கிறோம்" என்றாள். அன்று மேற்கொண்டு ஆடவில்லை.

அடுத்த சனிக்கிழமைக்கு ஒரு வெற்றுத் தேயிலைப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதன் மேல் கூடையுடன் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்ணை ஆடும் பாத்திரமாக வைத்து, ‘பார்’ கட்டளைக்கு வரும் வருணனை, அவளுக்குரிய ஒன்பது வினைச்சொற்கள், கைப்பொருள்கள் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். பெட்டியில் அவளுக்குப் பெயர் இராது, அதையும் பிள்ளைகளே வைக்க வேண்டும். கடந்த தடவை வந்தவற்றில் ஒன்றை அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கைப்பொருள்கள்: கூடை, இடுப்பில் கட்டும் படங்கு, மட்டம் பார்க்கும் கம்பு, அட்டை கடிக்காதிருக்கப் பூசும் சவர்க்காரத் துண்டு, மடித்து வைத்த சம்பளச் சீட்டு. வினைச்சொற்களில் எட்டு வழக்கமானவை. ஒன்பதாவதாக, ‘தள்ளு’ இருக்க வேண்டிய இடத்தில், ‘எண்ணிப் பார்’ என்று எழுதியிருந்தது.